ஆர்னோல் கருப்பு வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த வீடு? எங்கே இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடமேற்கில், அட்லாண்டிக் கடலுக்குள் தள்ளி லூயிஸ் என்றொரு தீவு உண்டு. அதன் மேற்குக் கரையில் ஆர்னோல் என்ற சிற்றூர். அந்த ஊரின் 42ஆம் எண் வீட்டைப் பற்றித்தான் இந்தப் பக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கட்டப்பட்டது. 1960களின் நடுப்பகுதி வரை ஒரு குடும்பம் தன் மாடு, கோழிகளோடு அதில் வாழ்ந்தது. அவர்கள் வெளியேறிய பிறகு அரசு அதைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. இப்போது ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து என்ற அமைப்பு பராமரிக்கிறது.

பண்ணை வீடு என்றால் பெரிய கல் மாளிகை என்றல்லவா நினைத்தோம்?

அப்படிப்பட்டவையும் இருக்கின்றன. தென் ஸ்காட்லாந்தின் வளமான சமவெளியில் பார்த்தால் மாடி வைத்த வீடு, முற்றத்தைச் சுற்றிக் களஞ்சியம், குதிரை லாயம் என்று வசதியான பண்ணைகள் நிறைய. ஆனால் மேற்குத் தீவுகளில் நிலம் சின்னச் சின்னத் துண்டு. அதை அங்கே 'குரோஃப்ட்' என்பார்கள், உழுபவர் 'குரோஃப்டர்'. அந்தத் துண்டில் கொஞ்சம் பார்லி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு விளையும். ஒன்றிரண்டு மாடு, சில ஆடுகள். கடலில் மீன். இந்த வாழ்க்கைக்கு என்ன தேவையோ அதை மட்டும் ஒரே கூரையின் கீழ் அடக்கிய பண்ணை வீடு இது. கட்டடக் கலை என்று சொல்லும்போது நான் மாளிகைகளைவிட இதைத்தான் முதலில் காட்ட விரும்புவேன். வரைபடம் போட ஆள் இல்லாமல், விலைக்கு வாங்கிய பொருள் ஏறக்குறைய எதுவுமே இல்லாமல், புயல் காற்றை எதிர்த்து நின்ற வீடு.

ஏன் 'கருப்பு' வீடு? புகைக்கரி படிந்ததாலா?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உள்ளே எல்லாம் கரி படிந்து கருத்திருப்பதும் உண்மைதான். ஆனால் பெயர் வந்த வழி வேறாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், சாந்து வைத்துக் கட்டி, புகைபோக்கி எழுப்பிய புது மாதிரி வீடுகள் தீவுக்குள் வந்தன. அவற்றை கேலிக் மொழியில் 'டை கியல்', அதாவது வெள்ளை வீடு என்றார்கள். அப்புறம்தான் பழைய வீட்டுக்கு 'டை டூ', கருப்பு வீடு என்ற பெயர் நிலைத்தது என்பது ஒரு விளக்கம். அதுவரை அது வெறும் வீடு. தனிப் பெயர் தேவைப்படவில்லை. கேலிக்கில் கூரை வேய்தலைக் குறிக்கும் சொல்லும் 'கருப்பு' என்ற சொல்லும் காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாக ஒலிப்பதால் வந்த குழப்பம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு முதல் விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

சுவர் எப்படிக் கட்டப்பட்டது?

சாந்து, சுண்ணாம்பு எதுவும் கிடையாது. வயலிலிருந்து பொறுக்கிய கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான். லூயிஸ் தீவின் பாறை உலகிலேயே மிகப் பழைய பாறை வகைகளில் ஒன்று. நைஸ் என்பார்கள், சில இடங்களில் ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயது. கடினமானது, உளிக்கு எளிதில் பணியாது. அதனால் கல்லைச் செதுக்குவதற்குப் பதில், இருக்கிற வடிவத்திலேயே எது எதோடு பொருந்தும் என்று பார்த்து அடுக்கினார்கள்.

ஒரு சுவர் போலத் தெரிவது உண்மையில் இரண்டு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, நடுவில் மண்ணும் பீட்டும் திணித்த நிரப்பு. பீட் என்பது சதுப்பில் செடிகொடிகள் மட்கி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இறுகிய கருமண். அங்கே அடுப்பெரிப்பதும் அதைத்தான். இரண்டு கல் வரிசையும் நிரப்பும் சேர்ந்து சுவரின் கனம் சில இடங்களில் 2 மீட்டரை நெருங்கும். உயரமோ, ஓர் ஆள் உயரத்தை ஒட்டித்தான்.

மூலைகளைப் பாருங்கள். கூரான மூலை ஒன்றுகூட இல்லை, எல்லாம் வளைந்திருக்கும். அட்லாண்டிக் காற்று மோதிப் பிடித்துக்கொள்ள இடம் கொடுக்காமல், வழுக்கிக்கொண்டு போகட்டும் என்றுதான். தொலைவிலிருந்து பார்த்தால் வீடு தெரியாது. மேட்டு நிலத்தில் ஒரு புல் திட்டு போலத் தெரியும்.

கூரை சுவருக்கு வெளியே நீட்டவில்லையே? மழைநீர் சுவருக்குள் இறங்கிவிடாதா?

இறங்கும். இறங்க வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினார்கள்.

வழக்கமாக ஓலைக் கூரையோ ஓட்டுக் கூரையோ சுவரைத் தாண்டி வெளியே வந்து இறவாரமாகத் தொங்கும். தண்ணீர் சுவரில் படாமல் தரையில் விழும். லூயிஸ் வீட்டில் கூரை உள்சுவரின் மேல் உட்கார்ந்துவிடுகிறது. வெளியே நீட்டிய இறவாரம் இருந்தால் புயல் அதன் அடியில் கையை விட்டுத் தூக்கிவிடும். இங்கே தூக்குவதற்கு விளிம்பே இல்லை.

அப்படியானால் தண்ணீர்? கூரையிலிருந்து வழிந்து அகலமான சுவர்த்தலையில் விழுகிறது. அங்கே புல் பாளம் பரப்பியிருப்பார்கள். அதன் வழியே நடுவிலுள்ள மண் நிரப்புக்குள் கசிகிறது. ஈரமான மண் பொதபொதவென்று கல் இடுக்குகளை அடைத்துக்கொள்கிறது, காற்று புக வழியில்லை. மண் காய்ந்துபோனால்தான் சுருங்கி விரிசல் விட்டுக் குளிர் காற்று உள்ளே வரும். ஆக, மழைதான் இந்தச் சுவரின் பூச்சு வேலையைச் செய்கிறது. மழைக்குப் பஞ்சமே இல்லாத ஊரில் இதைவிடப் புத்திசாலித்தனமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சுவர்த்தலை அகலமாக இருந்ததில் இன்னொரு வசதியும் உண்டு. கூரை வேய்பவர் அதன்மேல் நடந்தே வேலை பார்க்கலாம். ஏறுவதற்குச் சுவரிலேயே சில கற்களைப் படிபோல வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். அங்கே முளைத்த புல்லை மேய ஆடுகள் ஏறிக்கொள்வதும் உண்டு.

மரமே இல்லாத தீவு என்கிறார்கள். கூரைச் சட்டத்துக்கு மரம் எப்படிக் கிடைத்தது?

கடல் கொடுத்தது. கரை ஒதுங்கிய கட்டைகள், உடைந்த கப்பல்களின் பலகைகள், பழைய துடுப்புகள். அதனால்தான் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கைமரங்கள் ஒரே அளவாக இருக்காது. ஒன்று வளைந்திருக்கும், ஒன்றில் பழைய துளைகள் இருக்கும். இரண்டிரண்டாகச் சாய்த்து இணைத்த கைமரங்கள், அவற்றின்மேல் குறுக்குச் சட்டங்கள், அவ்வளவுதான் கூரையின் எலும்பு.

கல் எங்கும் கிடைக்கும், மரம் கிடைக்காது. எனவே ஒரு குடும்பம் இடம் மாறும்போது சுவரை விட்டுவிட்டு கூரைக் கட்டைகளைக் கையோடு எடுத்துப்போகும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் தீவுகளிலும் நிலக்கிழார்கள் ஆடு வளர்ப்புக்காகக் குடியானவர்களை விரட்டியபோது, வீட்டுக் கூரையைக் கொளுத்திய சம்பவங்கள் ஏன் அவ்வளவு கொடுமையாக நினைவில் நிற்கின்றன என்பது இதிலிருந்து புரியும். கூரைக் கட்டைகள் எரிந்துபோனால், எங்கே போனாலும் மறுபடி வீடு கட்ட முடியாது.

கூரை வேய்ந்தது எதனால்?

சட்டத்தின்மேல் முதலில் புல்லோடு வெட்டிய மண் பாளங்கள். அதன்மேல் ஓட்ஸ் அல்லது பார்லி வைக்கோல். முடிச்சுப் போட்டுக் கட்டுவதோ தைப்பதோ இல்லை. தளர்வாகப் பரப்பி, மேலே கயிறுகளைக் குறுக்கே ஓட்டுவார்கள். பழைய காலத்தில் ஹெதர் என்ற புதர்ச்செடியைத் திரித்த கயிறு. பின்னாளில் மீன்வலையையும் மேலே போர்த்தினார்கள். கயிற்றின் நுனிகளில் கனமான கற்கள் தொங்கும். புயல் இழுக்கும்போது கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், கல் மறுபடி இழுத்து உட்கார வைக்கும்.

தளர்வாக வேய்ந்ததற்குக் காரணம், அந்த வைக்கோல் நிரந்தரமாக அங்கே இருக்கப்போவதில்லை. அது வயலுக்குப் போக வேண்டியது. கீழே புகை பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

வாசலில் நுழைந்தால் முதலில் என்ன இருக்கும்?

கண்ணுக்கு இருட்டு. மூக்குக்குப் பீட் புகை.

கண் பழகியதும் அமைப்பு புரியும். வீடு நீளவாக்கில் ஒரே கூடம். ஒரு முனையில் மாட்டுத்தொழுவம், நடுவில் அடுப்புள்ள வாழும் இடம், மறு முனையில் படுக்கை. தொழுவம் சரிவின் கீழ்ப்பக்கம் இருக்கும்படி வீட்டை வைத்திருப்பார்கள். கோமியம் மனிதர் பக்கம் வராமல் கீழே ஓடிவிடும். பின்பக்கம், நீளச் சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, இணையாக ஒரு களஞ்சியம்.

அடுப்பு சுவரோரம் இல்லை, தரையின் நடுவில். கூரையிலிருந்து ஒரு இரும்புச் சங்கிலி இறங்கி வரும், அதில் கெட்டில் அல்லது பானை தொங்கும். சுற்றிலும் நீண்ட மரப் பெஞ்சு, தாழ்வான முக்காலிகள், பாத்திரம் அடுக்கிய அலமாரி. முக்காலி ஏன் இவ்வளவு தாழ்வு என்றால், புகை மேலே மிதக்கிறது, உட்கார்ந்தவர் தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். படுக்கை ஒவ்வொன்றும் மூன்று பக்கமும் பலகை அடைத்த பெட்டி. முன்னால் திரையை இழுத்துவிட்டால் குளிரும் கூரையிலிருந்து சொட்டும் கரித்துளியும் படாது. ஒரே கூடமான வீட்டில் தனிமை என்று ஒன்று கிடைத்த இடமும் அதுதான்.

மாடும் மனிதரும் ஒரே வாசலில் நுழைந்தார்களா?

ஆமாம். இதைக் கேட்டவுடன் முகம் சுளிக்க வேண்டாம். அந்தத் தீவு 58ஆம் வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலப் பகல் ஆறு, ஆறரை மணி நேரம்தான். விறகு கிடையாது. அந்த நிலையில் ஒரு பசுவின் உடல் சூடு சாதாரணமானதல்ல. புயலில் வெளியே போகாமலே பால் கறக்கலாம், கன்று ஈனும் இரவில் பக்கத்திலேயே இருக்கலாம்.

சாணத்தைத் தினமும் வெளியே கொட்டவில்லை. குளிர்காலம் முழுக்க மேல் மேலே வைக்கோல் பரப்பித் தொழுவத்திலேயே சேர விட்டார்கள். வசந்தம் வந்ததும் தொழுவ முனையில் சுவரைக் கொஞ்சம் பிரித்து எருவை மொத்தமாக வயலுக்கு ஏற்றினார்கள், பிறகு கல்லை மறுபடி அடுக்கினார்கள். சாந்து இல்லாத சுவரால் வரும் வசதி இது. பிரிப்பதும் அடுக்குவதும் வீட்டுக்காரர்களே செய்யும் வேலை. கோடையில் பெண்களும் சிறுமிகளும் மாடுகளை உள்நாட்டுச் சதுப்பு மேய்ச்சலுக்கு ஓட்டிப்போய் அங்கேயே குடிசை போட்டுத் தங்குவார்கள். அப்போது வீட்டின் அந்த முனை காலி.

களஞ்சியத்தில் எதிரெதிரே இரண்டு திறப்பு எதற்கு?

தூற்றுவதற்கு. இரண்டையும் திறந்துவிட்டால் காற்று ஊடே பாயும், அடித்த தானியத்தை அந்தக் காற்றில் தூற்றிப் பதரைப் பிரிக்கலாம். வெளியே தூற்றினால் அந்த ஊர்க் காற்றுக்குத் தானியமும் பறந்துவிடும். காற்றைத் தேவையான அளவுக்கு மட்டும் உள்ளே விட்ட ஏற்பாடு.

புகைபோக்கி வைக்கத் தெரியாமலா விட்டார்கள்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் இந்த வீட்டின் முழுக் கணக்கும் இதில் இருக்கிறது.

பீட் கொழுந்துவிட்டு எரியாது, கனன்றுகொண்டே இருக்கும். இரவில் சாம்பலால் மூடி வைப்பார்கள், காலையில் கிளறினால் கங்கு உயிரோடு இருக்கும். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வது வீட்டுப் பெண்ணின் கடமை, சில தீவுகளில் அதற்கென்று தனிப் பிரார்த்தனையே உண்டு. அணையாத அடுப்பின் புகை எங்கே போகும்? கூரை வரை எழும்பி, அங்கே பரவி, வைக்கோல் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும்.

போகும் வழியில் மூன்று வேலை செய்கிறது. கூரைக் கட்டைகளைக் காய வைத்து, பூச்சி அரிக்காமல் காக்கிறது. ஈரக் கூரையை உள்ளிருந்தே உலர்த்துகிறது. மூன்றாவதுதான் முக்கியம்: புகைக்கரியையும் அதிலுள்ள சத்தையும் வைக்கோலில் ஏற்றுகிறது. ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு புகை குடித்த வைக்கோல் அருமையான உரம். கோடை தொடங்கும்போது கூரையை உரித்து, கரி ஏறிய வைக்கோலை உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கும் பார்லிக்கும் போட்டார்கள். மண் வளமில்லாத தீவில் கடற்பாசி, சாணம், கூரை, இந்த மூன்றும்தான் விளைச்சலைக் காப்பாற்றியவை.

புகைபோக்கி வைத்தால் புகை நேராக வானத்துக்குப் போய்விடும். அதோடு அடுத்த ஆண்டின் உரமும் போய்விடும். பார்லியைக்கூட அறுக்காமல் வேரோடு பிடுங்கியதுண்டு. கதிர் சாப்பாட்டுக்கு, தாளும் வேர்ப்பகுதியும் கூரைக்கு. கூரைக்குப் போனது கரியோடு வயலுக்குத் திரும்பும். வீட்டை வயலிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கட்டடம் புரியவே புரியாது. வீட்டின் தலைப்பகுதி ஆண்டுதோறும் பயிராகி மறுபடி கூரையாகிறது.

சரி, அந்தப் புகையில் வாழ்ந்தவர்கள் நலமாக இருந்தார்களா?

கண் எரிச்சலும் இருமலும் இருந்தன. நெருக்கமாகப் பலர் ஒரே கூடத்தில் வாழ்ந்ததால் காசநோய் பரவியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிஸ் தீவுக்கு அது பெரிய துன்பமாக இருந்தது. சுகாதார அதிகாரிகள் இந்த வீடுகளை ஒழிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதில் நியாயம் இருந்தது. வீட்டின் அறிவை மெச்சுகிறேன் என்பதற்காக அதில் பிள்ளை பெற்று வளர்த்த தாய்மாரின் கஷ்டத்தை மறைக்க எனக்கு மனமில்லை. இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தன.

சன்னல் உண்டா?

மிகச் சிறியது, அதுவும் ஒன்றிரண்டு. கனமான சுவரைக் குடைவது கடினம் என்பதால் கூரையின் அடிப்பகுதியில் வைக்கோலுக்கிடையே கண்ணாடி பதிப்பார்கள். மற்றபடி அடுப்பு வெளிச்சமும் மீன் எண்ணெய் விளக்கும். பின்னாளில் மண்ணெண்ணெய் விளக்கு.

பார்த்தால் கற்காலம் போல இருக்கிறதே, எத்தனை ஆயிரம் ஆண்டு பழைய வீடு?

கட்டும் முறை மிகப் பழையது. மாடும் மனிதரும் சேர்ந்து வாழும் நீள வீடுகள் வட ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக உண்டு. ஆனால் இந்த வீடு அப்படியில்லை. சென்னையில் கூவத்தின் முகத்துவாரத்தில் நேப்பியர் பாலம் 1869இல் கட்டப்பட்டது. ஆர்னோல் 42ஆம் எண் வீடு அதைவிட இளையது. ஏழ்மையைப் பார்த்துவிட்டுத் தொன்மை என்று நினைத்துவிடுகிறோம். வருகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு இதுதான்.

நேப்பியர் பெயரை வேறொரு காரணத்துக்காகவும் இங்கே சொல்கிறார்களே?

ஆமாம், வெறும் தற்செயல் அல்ல. மதராஸ் மாகாண ஆளுநராக 1866 முதல் 1872 வரை இருந்த பிரான்சிஸ் நேப்பியர் பிரபுதான் 1883இல் குரோஃப்டர்களின் நிலையை ஆராய அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவின் தலைவர். தீவு தீவாகப் போய்க் குடியானவர்களின் வாக்குமூலத்தைக் கேட்டார்கள். 1884இல் அறிக்கை வந்தது. 1886இல் குரோஃப்டர் சட்டம் நிறைவேறியது.

கட்டடத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அதற்கு முன்பு குடியானவருக்கு நிலத்தில் எந்த உரிமையும் இல்லை. நிலக்கிழார் எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றலாம். செய்த மேம்பாடு எல்லாம் நிலக்கிழாருக்கே போகும், அதைக் காட்டி வாடகையைக் கூட்டவும் கூட்டலாம். அப்படிப்பட்ட நிலத்தில் யார் சாந்து வாங்கி, தச்சர் வைத்து, நிலையான வீடு கட்டுவார்? கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பக்கூடிய வீட்டைத்தான் கட்டுவார். சட்டம் வந்த பிறகு விரட்ட முடியாது, நியாயமான வாடகை, செய்த மேம்பாட்டுக்கு ஈடு, பிள்ளைக்கு எழுதிவைக்கும் உரிமை எல்லாம் கிடைத்தன. அதன் பிறகு வெள்ளை வீடுகள் பெருகியதில் ஆச்சரியம் இல்லை.

லூயிஸ் தீவையே 1844இல் விலைக்கு வாங்கியவர் ஜேம்ஸ் மாத்திசன். ஜார்டின் மாத்திசன் நிறுவனத்தின் பங்காளி. சீனாவுக்கு அபின் விற்ற வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். அந்த அபின் விளைந்தது இந்தியாவில். ஸ்டோர்னோவே நகரில் அவர் கட்டிய லூஸ் கோட்டை இன்றும் நிற்கிறது. அந்தக் கோட்டையும் இந்தக் கல் வீடும் ஒரே தீவில், ஒரே நூற்றாண்டில் எழுந்தவை.

ஸ்காட்லாந்து முழுக்க இப்படித்தான் கட்டினார்களா?

இல்லை. ஸ்கை தீவில் கூரை சுவரை மூடி வெளியே வரும், இறவாரம் உண்டு. கில்லின் ஊருக்கருகில் மொய்ர்லானிக் நீள வீடு இருக்கிறது. அங்கே தரையிலிருந்தே எழும் வளைந்த மரச்சட்டங்கள் கூரையைத் தாங்குகின்றன, சுவருக்குப் பளுவில்லை. ஆர்க்னி தீவின் கிர்பஸ்டர் பண்ணையில் நடு அடுப்பும் சுவருக்குள்ளேயே அமைந்த கல் படுக்கையும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வோர் ஊரும் தன் கையில் கிடைத்த பொருளுக்கும் தன் காற்றுக்கும் ஏற்பக் கட்டியது.

இன்று போய்ப் பார்க்கலாமா? எதைத் தவறவிடக் கூடாது?

பார்க்கலாம். எதிரிலேயே 39ஆம் எண் வெள்ளை வீடும் பழைய அறைகலன்களோடு இருக்கிறது, பக்கத்தில் கூரை போன ஒரு கருப்பு வீட்டின் வெற்றுச் சுவர்களும் நிற்கின்றன. மூன்றையும் பாருங்கள். கூரை இல்லாத வீட்டில்தான் இரட்டைச் சுவரின் குறுக்குவெட்டு நன்றாகத் தெரியும். சற்றுத் தள்ளி கேரனன் என்ற ஊரில் 1974 வரை மக்கள் வாழ்ந்த கருப்பு வீடுகளைச் சீரமைத்துத் தங்கும் விடுதிகளாக்கியிருக்கிறார்கள். இரவு தங்கிப் பார்க்கலாம்.

42ஆம் எண் வீட்டில் பீட் அடுப்பை இன்றும் மூட்டுகிறார்கள். பார்வையாளர்களுக்கான காட்சி மட்டுமல்ல, கூரை உலர்ந்திருக்க அந்தப் புகை தேவை. உள்ளே போனதும் நின்றுகொண்டே சுற்றிப் பார்க்காமல், முதலில் தாழ்வான இடமாகப் பார்த்து உட்காருங்கள். புகை தலைக்கு மேலே போய்விடும், அப்போதுதான் அறை கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்.